ஒரு பக்கம் முழுக்க ஒரே பாட்டு

பாட்டு நல்லதா கூடாததா என்பதில் பஞ்சலிங்கத்துக்கு அக்கறையே கிடையாது. அது யாருக்கான பாட்டு என்பதுதான் அவனுக்கு வேண்டும். உடுவில் சந்தியில் அவனுடைய ஒலிப்பதிவுக் கடைக்கும் என்னுடைய சைக்கிள் கடைக்கும் இடையில் ஒற்றைத் தகரம்தான் சுவர். பாட்டுப் பதிந்து கசற் அடிக்க வருகிறவர்களிடம் அவன் கேட்கிற மூன்று கேள்விகளும், இந்தப் பக்கம் ரியூப்புக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்த எனக்கு மனப்பாடம்.

“ஆர் கேக்கப் போகினம்? எப்ப கேப்பினம்? என்ன வேலை செய்துகொண்டு கேப்பினம்?”

வந்தவன் திருதிருவென்று முழிப்பான். பாட்டு அடிக்க வந்த இடத்தில் என்ன விசாரணை என்று கோபித்துக்கொண்டு போனவர்களும் உண்டு. பஞ்சலிங்கம் அசர மாட்டான். பெரிய சீ.ஆர். கொப்பி ஒன்றில் ஊர், வயது, தொழில், கேட்ட பாட்டு எல்லாவற்றையும் எழுதி வைப்பான். எண்பத்தி நாலில் நம்முடைய ஊர்ப் பாடகர்களை வைத்து ஒரு மெல்லிசைக் கசற் வெளியிட வேண்டுமென்று அவனுக்கு ஒரு பைத்தியம் பிடித்தது. அந்தக் காலத்தில் தொடங்கிய பழக்கம் அது. சைக்கிளில் பண்டத்தரிப்புக்குப் போய்ப் புகையிலைத் தோட்டக்காரரோடு வரம்பில் இருந்தான். மயிலிட்டிக்குப் போய் வலை பொத்துகிற ஆட்களோடு வாடியில் இருந்தான். இறைப்பு மிஷின் சத்தத்துக்கு மேலால் எந்தக் குரல் கேட்கும், கடற்காற்றுக்கு எது எடுபடும் என்று குறித்துக்கொண்டு வந்தான்.

“கனகண்ணை, கடைக்கு வாறவனைப் பாக்கக் கூடாது. காது குடுக்கிறவனைப் பாக்க வேணும்” என்பான். “கலியாண வீட்டுக்குத் தகப்பன்தான் வந்து கசற் அடிப்பிப்பான். கேக்கப்போறது அவனில்லை. அவனுக்குப் பிடிச்சதை அடிச்சுக் குடுத்தால் கடை படுத்திடும்.”

அந்த மெல்லிசைக் கசற் மயிலிட்டியில் எழுபது போனது. பண்டத்தரிப்பில் ஆறு. ஆறையும் வாங்கினவர்கள் யாரென்று கொப்பியில் எழுதி, ஆறு பேரிடமும் போய் ஏன் வாங்கினீர்கள் என்று கேட்டுவிட்டு வந்த மனுஷன் அவன். மனைவி குணலட்சுமி தலையில் அடித்துக்கொண்டாள்.

தொண்ணூறாம் ஆண்டு ஆனியில் சண்டை மூண்டு மின்சாரம் போனது. அதே மாதம் மயிலிட்டிச் சனம் முழுக்க, உடுத்த துணியோடும் கையில் அகப்பட்ட சட்டிபானையோடும் நம்முடைய பக்கம் வந்து இறங்கியது. பள்ளிக்கூடங்கள், கோயில் மடங்கள், தோட்டத்துக் கொட்டில்கள் எல்லாம் நிறைந்தன. கடலைப் பார்த்து வளர்ந்த சனம் வெங்காயத் தறைக்குள் குந்தியிருந்து புல்லுப் பிடுங்கியது. பற்றறி தடை, பெற்றோல் தடை, சவர்க்காரத்துக்குக் கூடத் தட்டுப்பாடு. மேலே குண்டு போடுகிற சகடை விமானம் சுற்றினால் எல்லோரும் பங்கருக்குள்.

ஆனால் பாட்டுக் கேட்பதைச் சனம் விடவில்லை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து வயர் இழுத்து றெக்கோடரை ஓடவிட்டார்கள். அந்த இரண்டு வருஷமும் நான் சில்லுக்குக் காற்றடித்ததை விட டைனமோ பூட்டியதுதான் அதிகம். பஞ்சலிங்கம் மண்ணெண்ணெயில் ஓடுகிற சின்ன ஜெனரேற்றர் ஒன்றை வைத்துக்கொண்டு காலையில் இரண்டு மணித்தியாலம் மட்டும் கசற் அடித்துக் கொடுப்பான்.

இப்போது எல்லோரும் கேட்டது எழுச்சிப் பாட்டு. இயக்கப் பாட்டு. பஞ்சலிங்கத்தின் கொப்பிக்கு வேலையில்லாமல் போகும் என்று நினைத்தேன். அவன் நிறுத்தவில்லை. அந்தப் பாட்டுக்குள்ளும் அவன் ஆள் பிரித்தான். தாளம் போட்டு முழங்குகிற பாட்டுகளைக் கேட்கிறவன் சந்தியில் நின்று கதைக்கிறவன், அவன் எங்கும் போக மாட்டான் என்றான். வீரச்சாவு வீட்டில் போடுகிற ஆறுதலான பாட்டைத் தாய்மார் கேட்பார்கள் என்றான். ஒரு நாள் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும்போது குரலைத் தாழ்த்தி இன்னொன்றும் சொன்னான்.

“அண்ணை, மூண்டு பெடியள் வந்து ஒரே மாதிரிக் கேட்டவங்கள். தாயைப் பாத்துப் பாடுற பாட்டு ஒண்டு இருக்கெல்லே, அதை மட்டும் ஒரு பக்கம் முழுக்கத் திருப்பித் திருப்பி அடிச்சுத் தரச் சொல்லி. வேறை ஒரு பாட்டும் வேண்டாமாம். மூண்டு பேரும் ஒரு மாசத்துக்குள்ளை இயக்கத்துக்குப் போட்டாங்கள்.”

“சும்மா ஒத்து வந்திருக்கும்.”

“நாலாவதாக் கேட்டவனும் போட்டான். நேற்று.”

எனக்கு வாய் சும்மா இருக்காது. சைக்கிள் கடை என்றால் நாலு பேர் குந்தியிருக்கிற இடம். பஞ்சலிங்கம் கசற்றைப் பார்த்தே பிள்ளை போகுமா நிற்குமா என்று சொல்லிவிடுவான் என்று நான்தான் பெருமையாக அளந்தேன். அந்த வாயைத் தைத்திருக்க வேண்டும். கதை ஒழுங்கை ஒழுங்கையாகப் போய், கடைசியில் நாகேஸ்வரியின் காதிலும் விழுந்தது.

நாகேஸ்வரி மயிலிட்டிக்காரி. புருஷன் எண்பத்தாறில் கடலுக்குப் போய், நேவி சுட்டு, வள்ளம் மட்டும் கரைக்கு வந்தது. இடம்பெயர்ந்து வந்து நம்முடைய ஒழுங்கைக் கடைசியில் புகையிலை உணத்துகிற கொட்டில் ஒன்றில் இருந்தாள். விடியப் புறம் பிட்டு அவித்துச் சம்பலோடு விற்பாள். மகன் குகதாஸ் பத்தொன்பது வயது, வெங்காயத் தோட்டத்தில் கூலி. மகள் தவமலர் அவனுக்கு ஒன்றரை வயது இளமை, உயர்தரம் படித்துக்கொண்டிருந்தாள். மா இடிப்பது, தேங்காய் துருவுவது எல்லாம் அவள்தான்.

மாசி மாதம், வெயில் ஏறத் தொடங்கிய ஒரு காலையில் நாகேஸ்வரி பஞ்சலிங்கத்தின் கடை வாசலில் வந்து நின்றாள். பிட்டுக் கடகம் இடுப்பில் இருந்தது. எனக்குத் தகரத்துக்கு இந்தப் பக்கம் எல்லாம் கேட்டது.

“தம்பி, ஒரு விசயம் கேக்கலாமோ?”

“சொல்லுங்கோ அக்கா. உள்ளுக்கு வாங்கோ, கதிரையிலை இருங்கோ.”

“இருக்க நேரமில்லை. என்ரை பெடியன் இஞ்சை வந்து கசற் அடிக்கிறவனோ?”

ஜெனரேற்றரை நிறுத்துகிற சத்தம் கேட்டது.

“ஓம் அக்கா. வாறவன்.”

“என்ன பாட்டு அடிக்கிறவன்?”

“எல்லாப் பாட்டும்தான்...”

“தம்பி, என்னட்டைப் பொய் சொல்லாதேங்கோ. அவன் முந்தி மாதிரி இல்லை. சாப்பிடக் கூப்பிட்டால் வாறானில்லை. தோட்டத்தாலை வந்த கையோடை சைக்கிளைக் கவிட்டு வைச்சுக்கொண்டு சுத்துறான். ஒரே பாட்டு. கேட்டுக் கேட்டு எனக்கு விசர் பிடிக்குது. உங்களுக்குத் தெரியும் எண்டு சந்தியிலை கதைக்கினம். சொல்லுங்கோ. அவன் அப்பிடிக் கேட்டவனோ? அந்த ஒரு பக்கம்?”

பஞ்சலிங்கம் கொப்பியைப் புரட்டினான். பார்க்கத் தேவையில்லை, அவனுக்குத் தெரியும். ஆனாலும் புரட்டினான்.

“மூண்டு கிழமைக்கு முன்னம் கேட்டவன் அக்கா.”

நாகேஸ்வரி கடகத்தை நிலத்தில் வைத்த சத்தம் கேட்டது. அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

“இப்ப நான் என்ன செய்யிறது? போய் அவனைக் கேக்கட்டோ?”

“கேட்டுப் போடாதேங்கோ!” பஞ்சலிங்கம் பதறிவிட்டான். “கேட்ட வீடுகளிலை பிள்ளையள் அண்டைக்கே போட்டுதுகள். தெரிஞ்சமாதிரிக் காட்டாதேங்கோ. பாட்டைப் பற்றி ஒரு கதையும் எடுக்காதேங்கோ. ஆளைப் பக்கத்திலை வைச்சிருங்கோ. ஏலுமெண்டால் கெதியா இஞ்சையிருந்து எடுத்துவிடுங்கோ.”

அவன் மனசறிந்து சொன்ன புத்தி அது. அந்த நாலு வீட்டையும் பார்த்து அவன் படித்த பாடம். அவன் சொன்னது பிழை என்று எனக்கு அன்றைக்குத் தோன்றவில்லை. சரியாகச் சொன்னான் என்றே நினைத்தேன்.

அன்றிலிருந்து நாகேஸ்வரி மகனுக்குக் காவல். பிட்டு விற்கிற வேலையைத் தவமலரிடம் விட்டுவிட்டு, வெங்காயத் தோட்டத்துக்கு அவனோடு போய்த் தானும் புல்லுப் பிடுங்கினாள். படுக்கும்போது கொட்டில் வாசலுக்குக் குறுக்கே பாயைப் போட்டாள். குளிக்கக் கிணற்றடிக்குப் போனாலும் பின்னால் போய் நின்றாள். பெடியன் ஒரு நாள் பின் சில்லுக் கம்பி மாற்ற என்னிடம் வந்தபோது முறையிட்டான்.

“கனகண்ணை, அம்மாவுக்கு என்ன வந்தது எண்டு தெரியேல்லை. என்னைப் பாத்தபடியே இருக்கிறா. தோட்டத்திலை பெடியள் சிரிக்கிறாங்கள்.”

“தாய் மனசு மோனை. விடு.”

“மீனிலை நடுத்துண்டு எனக்கு, தலை தங்கச்சிக்கு. சொன்னாலும் கேக்கிறாவில்லை.”

நான் கம்பியை முறுக்கிக்கொண்டிருந்தேன். அந்தக் கசற்றைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கக் கூடாது என்று பஞ்சலிங்கம் சொன்னது எனக்கும் சேர்த்துத்தான் என்று நினைத்து வாயை மூடிக்கொண்டேன். திறக்கக் கூடாத நேரத்தில் திறந்த வாய், திறக்க வேண்டிய நேரத்தில் மூடிக்கொண்டது.

கொழும்புக்கு அனுப்புவதென்று முடிவாகியது. ஊரை விட்டு வெளியேற இயக்கத்தின் பாஸ் வேண்டும். பாஸ் எடுக்க ஊரில் ஒருவர் பிணை நிற்க வேண்டும். பிணை நான் நின்றேன். கண் வைத்தியம் என்று வைத்தியரிடம் ஒரு துண்டு எழுதி வாங்கினோம். வவுனியாவுக்குச் சாமான் எடுக்கப் போய்வருகிற வியாபாரி பொன்னம்பலம், சேற்றுக்குள்ளால் போகிற கொம்படிப் பாதையால் கூட்டிக்கொண்டு போக ஒத்துக்கொண்டார். செலவுக்கு நாகேஸ்வரியிடம் இருந்தது ஒரு சங்கிலியும் இரண்டு காப்பும். தவமலருடைய கலியாணத்துக்கென்று, இடம்பெயர்ந்த அன்றைக்குச் சேலைத் தலைப்பில் முடிந்து கொண்டுவந்தவை. சங்கிலி அப்போது தவமலரின் கழுத்தில்தான் கிடந்தது. கழற்றித் தா என்று தாய் கேட்டாளாம். கழற்றிக் கொடுத்தாளாம்.

போகிற அன்று பெடியன் அழுதான். எனக்குப் போக விருப்பமில்லை, உங்களை விட்டுவிட்டு நான் அங்கை என்ன செய்கிறது என்று தாயின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றான். அது நடிப்பு, போகிற வழியில் பாய்ந்துவிடுவான் என்று நாகேஸ்வரி பயந்தாள். பொன்னம்பலத்தாரைத் தனியாகக் கூப்பிட்டு, கண்ணை எடுக்க வேண்டாம் என்று கெஞ்சினாள். பெடியன் பாயவில்லை. முழங்கால் சேற்றுக்குள் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு பொன்னம்பலத்தாருக்குப் பின்னால் ஒழுங்காக நடந்தான். பத்து நாளில் கடிதம் வந்தது. சுகமாகப் போய்ச் சேர்ந்துவிட்டான். நாகேஸ்வரி அன்றைக்குப் பஞ்சலிங்கத்துக்கு ஒரு கோப்பை பிட்டும் மீன்குழம்பும் கொண்டுவந்து கொடுத்து, “என்ரை பிள்ளையைத் தந்தது நீங்கள்தான் தம்பி” என்றாள். பஞ்சலிங்கம் அதை எனக்கும் பாதி தந்தான். ருசியாகச் சாப்பிட்டோம்.

மறுநாளைக்கு மறுநாள் தவமலர் போய்விட்டாள்.

விடியப் புறம் மா குழைத்து, பிட்டு அவித்து, சம்பல் அரைத்து, கடகத்தில் அடுக்கி வெள்ளைத் துணியால் மூடி வைத்திருக்கிறாள். ரியூசனுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவள் மத்தியானமும் வரவில்லை. கொப்பிக்குள் ஒரு துண்டுக் காகிதம். இயக்கத்துக்குப் போகிறேன், தேடாதேங்கோ, அண்ணையிட்டை உடனே சொல்லாதேங்கோ, அவன் திரும்பி வந்துவிடுவான் என்று எழுதியிருந்தாள்.

நாகேஸ்வரி அந்தத் துண்டைக் கொண்டுவந்து பஞ்சலிங்கத்தின் மேசையில் வைத்தாள். இந்த முறை நான் தகரத்துக்கு இந்தப் பக்கம் இருக்கவில்லை. எழுந்து போய்ப் பக்கத்தில் நின்றேன்.

“பெடியன் போவான் எண்டனீங்கள். பெட்டை போட்டாள்.”

பஞ்சலிங்கம் துண்டைப் படித்தான். பிறகு மேசை லாச்சியை இழுத்து, வாடிக்கையாளர்கள் கொண்டுவந்து தருகிற பாட்டு லிஸ்ற் கட்டை எடுத்து ஒவ்வொன்றாகத் தட்டினான். குகதாஸ் கொடுத்த லிஸ்ற் வந்தது. துண்டைப் பக்கத்தில் வைத்தான். ஒரே கையெழுத்து. உருட்டி உருட்டி எழுதின, பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் வடிவான எழுத்து. கூலி வேலைக்குப் போகிற பெடியனின் எழுத்தே இல்லை.

“அவன் தனக்கெண்டு அடிக்கேல்லை” என்றான் பஞ்சலிங்கம். “தங்கச்சிக்கு அடிச்சவன்.”

எனக்கு அப்போதுதான் கண் முன்னால் வந்தது. தை மாதம் டைனமோ பூட்டிக் கொடுக்க நானே அந்தக் கொட்டிலுக்குப் போயிருந்தேன். பெடியன் பெடலைச் சுற்றிக்கொண்டு, கிணற்றடிப் பக்கம் பார்த்து யாரையோ பகிடி பண்ணிக்கொண்டிருந்தான். பெட்டை றெக்கோடருக்குப் பக்கத்தில் திருவலையில் இருந்தாள். பாதித் தேங்காய் கையில் அப்படியே இருந்தது, துருவாமல். அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு என் கூலியை வாங்கிக்கொண்டு வந்தேன்.

நம்முடைய ஊரில் எந்தப் பெட்டை கசற் அடிக்கச் சந்திக்கு வருவாள்? அண்ணன் வருவான், தம்பி வருவான், தகப்பன் வருவான். பஞ்சலிங்கத்தின் கொப்பியில் நானூறு பேர் இருந்தார்கள். அதில் ஒரு ரீச்சரைத் தவிரப் பெண்ணின் பெயரே இல்லை. காது கொடுக்கிறவனைப் பார் என்று எனக்கு வருஷக்கணக்காகப் பாடம் நடத்திய மனுஷன், கடைக்கு வந்தவனை எழுதிவிட்டுக் கொப்பியை மூடியிருக்கிறான்.

“கேட்டனான் அண்ணை” என்றான் என்னைப் பார்த்து. முகம் வெளிறியிருந்தது. “ஆர் கேக்கப் போகினம் எண்டு அவனையும் கேட்டனான். ‘வீட்டிலை’ எண்டவன். வீட்டிலை ஆர் எண்டு நான் பேந்து கேக்கேல்லை.”

நாகேஸ்வரி திட்டுவாள் என்று எதிர்பார்த்தோம். “என்னை அங்கை கொண்டுபோய் விடுங்கோ” என்று மட்டும் சொன்னாள்.

மானிப்பாய்ப் பக்கம் ஒரு பெரிய வீட்டில் பெண் பிள்ளைகளின் முகாம் இருந்தது. பஞ்சலிங்கம் தன் சைக்கிள் கரியரில் நாகேஸ்வரியை ஏற்றினான். நான் இன்னொரு சைக்கிளில் பின்னால் போனேன். முதல் நாள் அப்படி ஒருவர் இல்லை என்றார்கள். இரண்டாம் நாள் வெயிலில் மத்தியானம்வரை நின்றோம். வாசலில் நின்ற பிள்ளை, தவமலரை விட இளமையாக இருக்கும், நாகேஸ்வரிக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, “போங்கோ அம்மா, வெய்யில் குடியாதேங்கோ” என்றாள். மூன்றாம் நாள் தவமலர் வந்தாள். நீளக் காற்சட்டையும் சேர்ட்டும். இரண்டு பின்னலையும் மடித்துக் கட்டியிருந்தாள். கழுத்து வெறுங்கழுத்து.

நாகேஸ்வரி கரியரிலிருந்து இறங்கி ஓடவில்லை. மெல்ல நடந்து போனாள்.

“சாப்பிட்டியா பிள்ளை?”

“ஓம். நீங்கள்?”

“வீட்டை வா மோனை.”

தவமலர் நிலத்தைப் பார்த்தாள். “அண்ணை பேந்தும் கடிதம் போட்டவனோ?”

“இல்லை. முந்தி வந்தது மட்டும்தான்.”

“சளிக்காரன். அங்கை மழையிலை நனைய வேண்டாமெண்டு எழுதுங்கோ.”

பஞ்சலிங்கம் பின்னால் நிற்கவில்லை. முன்னுக்குப் போனான். “தங்கச்சி, பிழை என்னிலைதான். அந்தக் கசற் உமக்கெண்டு எனக்குத் தெரியேல்லை. உம்மடை அண்ணைதான் போகப் போறான் எண்டு நான் அம்மாவுக்குச் சொல்லிப்போட்டன். பாட்டைப் பற்றி ஒருதரையும் கேக்கக் கூடாதெண்டும் சொல்லிப்போட்டன். தெரிஞ்சிருந்தால் உம்மை மறிச்சிருப்பம்.”

அந்தப் பிள்ளை அவனை நிமிர்ந்து பார்த்தாள். கோபமில்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

“அந்தப் பாட்டைக் கேக்கேக்குள்ளை நான் போறதெண்டு முடிவெடுக்கேல்லை அண்ணை. போக ஏலாதெண்டுதான் கிடந்தது. நான் போனால் அம்மா என்ன செய்வா எண்டு நினைச்சு நினைச்சு ஒவ்வொரு நாளும் நிண்டனான். பேந்து அம்மா அண்ணைக்குக் காவல் இருக்கத் தொடங்கினா. வாசலுக்குக் குறுக்கை படுத்தா. நான் அவவைத் தாண்டி வெளியிலை போய் வருவன், ஆர் எண்டும் கேக்க மாட்டா. சங்கிலியைக் கழட்டித் தா எண்டா. ஏன் எண்டு சொல்லேல்லை. நானும் கேக்கேல்லை.” கொஞ்சம் நிறுத்தினாள். “என்னை நினைச்சு அம்மா ஒரு நாளும் பயப்பிடேல்லை. அப்பத்தான் எனக்குப் போகலாம் எண்டு விளங்கினது.”

“பிள்ளை...” என்றாள் நாகேஸ்வரி. கையை நீட்டி அந்த வெறுங்கழுத்தைத் தொட்டாள். தவமலர் விலகவில்லை. தாயின் கையைத் தன் கையால் ஒரு முறை அழுத்தினாள். உள்ளேயிருந்து யாரோ கூப்பிட்டார்கள். வேறு ஏதோ ஒரு பெயர். தவமலர் அதற்குத்தான் “ஓம், வாறன்” என்று பதில் சொல்லிவிட்டுத் திரும்பிப் போனாள்.

திரும்பி வரும்போது சகடை ஒன்று தெற்குப் பக்கம் சுற்றியது. சனம் பங்கருக்கு ஓடியது. நாங்கள் மூவரும் இறங்கவில்லை. பஞ்சலிங்கம் அழுதுகொண்டே சைக்கிள் மிதித்தான். காற்று எதிர்க்காற்று, கண்ணைத் துடைக்கக் கையை விட முடியாமல் அவன் படுகிற பாட்டை நான் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டு வந்தேன். எனக்கும் அழ வேண்டும் போலிருந்தது, வெட்கமாகவும் இருந்தது. சங்குவேலி தாண்டும்போது நாகேஸ்வரி கரியரிலிருந்து அவனைக் கூப்பிட்டாள்.

“தம்பி, இனி ஆரும் தாய்மார் உங்களிட்டை வந்து கேப்பினம்.”

“இல்லை அக்கா. இனி நான் ஒருதருக்கும் ஒண்டும் சொல்ல மாட்டன்.”

“வருவினம். வந்தால், வீட்டிலை எத்தினை பிள்ளையள் எண்டு முதல் கேளுங்கோ.” நாகேஸ்வரி வெங்காயத் தறைகளைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். “என்னைக் கேட்டிருந்தால் நான் ரெண்டெண்டு சொல்லியிருப்பன்.”